சிங்கார வேலனே தேவா (திரைப்பாடல், 1962)

1962 பொங்கலன்று வெளியான ‘கொஞ்சும் சலங்கை’ படப் பாடல். இயற்றியவர் கு. மா. பாலசுப்பிரமணியம், இசை எஸ். எம். சுப்பையா நாயுடு. எஸ். ஜானகியின் குரலோடு நாதஸ்வரத்தில் போட்டியிட்டவர் காருகுறிச்சி அருணாசலம் (1921–1964). இயக்கம் எம். வி. ராமன். திரையில் நாயனம் பிடிப்பவர் ஜெமினி கணேசன், பாடுபவர் சாவித்திரி.

காருகுறிச்சி திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தது. ஆனாலும் பாட்டில் கேட்பது தஞ்சை மண்ணின் வாசிப்புதான். அருணாசலத்தின் குரு திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை. உயர்ந்த சுருதியுள்ள திமிரி நாயனத்துக்குப் பதிலாக, நீளமும் கனமும் கூடிய பாரி நாயனத்தைக் கச்சேரி மேடையில் நிலைநிறுத்தியவர் அவர். கும்பகோணம் பக்கத்து நரசிங்கம்பேட்டையில் ரங்கநாதன் ஆசாரி அவருக்காக ஆச்சா மரத்தில் அதைக் கடைந்தார். சுருதி தணிந்ததால் நாதம் குழைந்தது. இல்லையென்றால் ஒரு பெண்குரலை அதனருகே நிறுத்த யாரும் துணிந்திருக்க மாட்டார்கள். கவிஞரும் டெல்டாக்காரரே, திருவாரூர் பக்கத்து வேளுக்குடி அவர் ஊர். சிங்காரவேலருக்கோ நாகப்பட்டினத்தை அடுத்த சிக்கலில் பேர்பெற்ற சன்னதி.

ராகம் ஆபேரி. திருவையாற்றுத் தியாகராஜரின் ‘நகுமோமு’வைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது அந்நியமில்லை. நாதஸ்வரம் ஊர்வீதிக்குக் கடைந்த வாத்தியம். அரை ஸ்வரங்களை விரலாலும் மூச்சாலும் பிடிக்க வேண்டும். அதன் பிர்காவுக்கு ஈடுகொடுக்கும் குரலுக்கு ஜானகியின் பெயரைச் சொன்னவர் பி. லீலா என்பது திரையிசை வட்டாரத்தில் வழங்கும் செய்தி. குரலும் நாயனமும் தனித்தனியே பதிவாகிப் பிறகு இணைக்கப்பட்டன என்பர். ஸ்வரப் பகுதியில் ஒன்று முடிக்கும் இடத்தில் மற்றது எடுப்பதைக் கேட்டால், இருவரும் ஒரே ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்ததாகவே தோன்றும். 1957-இல் சினிமாவுக்கு வந்த ஜானகிக்குத் தமிழில் பெரும்பெயர் தந்த பாட்டு இது.

அன்று தமிழ்ப் பாட்டுக்கு, மேல்நாட்டில் இருந்ததுபோல் வாராவாரம் விற்பனை வரிசை அச்சாகவில்லை. இலங்கை வானொலி நேயர் விருப்பமும் மைக் செட்டுக்காரரின் தேய்ந்த இசைத்தட்டும்தான் கணக்கு. டெல்டாவில் இன்னொரு கணக்கும் உண்டு. முகூர்த்தம் முடிந்து பந்தி நடக்கையில், கல்யாண வீட்டார் சினிமாப் பாட்டு கேட்டு நாயனக்காரருக்குத் துண்டுச்சீட்டு அனுப்புவார்கள். கீர்த்தனைக்காரருக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. ஆனால் ஆபேரியைக் கீழிறங்காமல் வாசிக்க வாய்ப்புத் தரும் சீட்டு என்பதால் இந்தப் பாட்டைக் கேட்கும் சீட்டை மட்டும் மடித்து வைத்துவிட முடிவதில்லை.