தூலிகா பதிப்பகம்

தூலிகா, சென்னையிலிருந்து இயங்கும் பன்மொழிக் குழந்தைநூல் வெளியீட்டு நிறுவனம். 1996இல் தொடங்கப்பட்டது, நிறுவனர் ராதிகா மேனன். தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம், இந்தி, மராத்தி, குஜராத்தி, வங்காளம், ஆங்கிலம் ஆகிய ஒன்பது மொழிகளில் வெளியிடுகிறது.

இருமொழிப் படநூல்களே இதன் முதன்மைப் பங்களிப்பு. ஒரே நூலில் ஆங்கிலமும் ஓர் இந்திய மொழியும் அருகருகே அமைகின்றன. வீட்டில் ஒரு மொழியும் மழலையர் பள்ளியில் வேறொரு மொழியும் கேட்டு வளரும் குழந்தை, தெரிந்ததன் துணையால் தெரியாததை அடைகிறது. ஆங்கிலம் அறியாத பாட்டியும் அதே நூலைப் பேத்திக்கு வாசித்துக்காட்டலாம்; இம்முறையின் பெரும்பயன் இதுவே எனலாம். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு போன்ற பகுதிகளில் தமிழரோடு தெலுங்கு, கன்னடம், மலையாளம் பேசுவோரும் வாழ்வதால் இதற்குத் தேவை மிகுதி. தேசியக் கல்விக் கொள்கை 2020 இருமொழிக் கற்றல் பொருள்களை வலியுறுத்துவதற்கு நெடுநாள் முன்பே இங்கு இவ்வகை நூல்கள் வந்துவிட்டன.

உள்ளடக்கத்திலும் பன்மை உண்டு. தாரிணி விஸ்வநாத் எழுதி நான்சி ராஜ் ஓவியம் தீட்டிய ‘கேட்ச் தட் கேட்’ நூலின் சிறுமி திப் திப் சக்கர நாற்காலியில் செல்பவள். கதையோ காணாமற்போன பூனையைத் தேடுவது பற்றியது.