ஹார்டு டிஸ்க் 'டக்... டக்...'னு சத்தம் போடுதா? முதல்ல ஆஃப் பண்ணுங்க!

இலஞ்சி குமாரர் கோயில்ல அக்காவுக்குக் கல்யாணம் முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆகியிருந்துச்சு. சாரல் சீசன். எல்லாரும் வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்தப்போ, "அந்தக் கல்யாண வீடியோவப் போடுல"ன்னு ஆச்சி கேட்டாங்க. பீரோவுல இருந்த எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கை எடுத்து லேப்டாப்ல செருகினேன். டக்... டக்... டக். அவ்வளவுதான். அடுத்த வருஷமே தவறிப்போன தாத்தா, பந்தியில உட்கார்ந்து சிரிச்சதுகூட அந்த ஒரே டப்பாவுக்குள்ளதான் இருந்துச்சு. ஸ்டூடியோவுல கேட்டா, "இடம் பத்தலன்னு எப்பவோ அழிச்சிட்டோமே தம்பி"ன்னாங்க.

அந்தச் சத்தம் என்ன தெரியுமா? ஹார்டு டிஸ்க்குக்குள்ள பளபளன்னு ஒரு தட்டு நிமிஷத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுத்தும். அதைத் தொடாம, சில நானோமீட்டர் உயரத்துல 'ஹெட்' மிதந்துக்கிட்டே படிக்கும். தலைமுடியோட தடிமன்ல பல ஆயிரத்துல ஒரு பங்கு இடைவெளிதான்! ஹெட் பழுதானா, படிக்க வேண்டிய இடத்தைக் கண்டுபிடிக்க முடியாம போய்ப் போய்த் திரும்பும். அதுதான் 'டக் டக்'. சில சமயம் தட்டையே உரசிடும். அதனால சத்தம் கேட்டதும் மறுபடி மறுபடி செருகிப் பார்க்காதீங்க. நான் ஏழு தடவை செருகினேன். ஒவ்வொரு தடவையும் மீட்கிற வாய்ப்பைக் குறைச்சுட்டே இருந்திருக்கேன். யூடியூப் பார்த்துத் திறக்கவே திறக்காதீங்க. ஒரு தூசி போதும், கதை முடிஞ்சது. தூசியில்லா அறை வெச்சிருக்கிற டேட்டா ரெக்கவரி ஆட்கள்கிட்ட போகணும். செலவு புது டிஸ்க் விலையைவிடப் பல மடங்கு வரலாம்.

எஸ்.எஸ்.டி., பென் டிரைவ்ல சுத்துற பாகமே இல்லையேன்னு நிம்மதி வேண்டாம். அது சத்தமே இல்லாம ஒருநாள் கண்ணை மூடிடும்.

ரெண்டு டிஸ்க்ல ஒரே நேரத்துல எழுதுற 'ரெய்டு' முறை, 1980-கள்ல பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பேர் வெச்சது. ஒரு டிஸ்க் போனாலும் வேலை நிக்காது. ஆனா அது பேக்கப் இல்ல. தப்பா ஒரு ஃபோல்டரை அழிச்சா ரெண்டுலயும் சேர்ந்தே அழியும். கரன்ட்ல கோளாறுன்னா ரெண்டும் சேர்ந்தே போகலாம்.

அப்போ என்னதான் வழி? '3-2-1'ங்கிற கணக்கு. மூணு பிரதி, ரெண்டு விதமான சாதனம், அதுல ஒண்ணு வேற ஊர்ல. அந்தக் கடைசி '1'-ஐத்தான் எல்லாரும் கோட்டை விடுறோம். தென் கொரிய அரசாங்கமே விட்டுச்சு! 2025 செப்டம்பர்ல டேஜான் நகரத்து அரசு டேட்டா சென்டர்ல பேட்டரி தீப்பிடிச்சது. அதிகாரிகள் ஃபைல் வெச்சிருந்த 'ஜி-டிரைவ்' மொத்தமும், 858 டெராபைட், காலி. வெளியில பிரதி இல்ல. இலஞ்சிக்குப் பக்கத்துல மத்தளம்பாறையில ஆபீஸ் வெச்சிருக்கிற ஸோஹோ, இந்திய டேட்டா சென்டரை சென்னை, மும்பைன்னு ரெண்டு ஊர்ல வெச்சிருக்கிறது இதுக்குத்தான்.

நம்ம ஆளுங்களுக்கு இது புதுசும் இல்ல. உ.வே.சா. பத்துப்பாட்டு ஏடு தேடி இதே நெல்லைச் சீமைக்கு, ஆழ்வார்திருநகரி வரைக்கும் வந்தார். 1889-ல அது அச்சேறினதுக்கு, ஒரு வீட்டுல செல்லரிச்சது இன்னொரு வீட்டுல பிரதியா மிஞ்சியிருந்ததும் ஒரு காரணம்.

வீட்டுக்கு இது போதும்: லேப்டாப்ல ஒண்ணு, ஹார்டு டிஸ்க்ல ஒண்ணு, கிளவுட்ல ஒண்ணு. கூகுள்ல இலவசம் 15 ஜி.பி.தான். ஜிமெயிலும் வாட்ஸ்அப் பேக்கப்பும் அதுலதான் பங்கு கேட்கும். நிரம்பிட்டா போட்டோ மேல போறது நின்னுடும், நோட்டிஃபிகேஷனைத் தள்ளிவிடாதீங்க. இன்னொண்ணு, கூகுள் போட்டோஸ் ஆப்ல அழிச்சா போன்ல இருக்கறதும் சேர்ந்து போகும். டிஸ்க்கை வேலை முடிஞ்சதும் கழட்டிடுங்க, குறிப்பா இடி இடிக்கும்போது. நம்ம ஊர் ஈரத்துக்கு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட காத்துப் புகாத டப்பாவுல வைங்க. மூணு மாசத்துக்கு ஒருக்கா செருகி, நாலு ஃபைலையாவது திறந்து பாருங்க. திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பித்தான் நான் ஏமாந்தேன்.

தாத்தா சிரிக்கிற 38 செகண்ட் வீடியோ ஒண்ணு சித்தி போன்ல கிடைச்சது. வாட்ஸ்அப்ல வந்தது, கொஞ்சம் மங்கல். இப்போ அது நாலு இடத்துல இருக்கு. ஒண்ணு ஆச்சி போன்ல.