மீனுக்காக எழுந்த கடற்படை: அயர்லாந்தின் ரோந்துக் கப்பல்கள், 1921 முதல்

1921 டிசம்பரில் லண்டனில் கையெழுத்தான ஆங்கிலோ-ஐரிஷ் உடன்படிக்கையின் 6-ஆம் பிரிவு, அயர்லாந்தின் கடற்காவலைப் பிரிட்டிஷ் படைகளிடமே விட்டுவைத்தது. புதிய நாட்டுக்கு ஒரு சிறு விலக்கு மட்டும் கிடைத்தது. சுங்க வருவாயையும் மீன்வளத்தையும் காக்கத் தேவையான கப்பல்களை அது வைத்துக்கொள்ளலாம். கோவ், பியர்ஹேவன், லாக் ஸ்வில்லி ஆகிய மூன்று துறைமுகங்கள் 1938 வரை பிரிட்டன் வசமே இருந்தன. துறைமுகங்கள் திரும்பி வந்தன, அந்தப் பிரிவும் காலாவதியானது. ஆனால் அது போட்டுக்கொடுத்த எல்லைக்குள்தான் ஐரிஷ் கடற்படை ஒரு நூற்றாண்டாக வளர்ந்து வந்திருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

தொடக்கம் மெலிவானது. 1923-இல் அமைக்கப்பட்ட கடலோரக் கடற்பணிப் பிரிவு மறு ஆண்டே கலைக்கப்பட்டது. எஞ்சியது 'முர்கூ' என்ற ஒரே மீன்வளக் காவல் கப்பல். அதன் பழைய பெயர் 'ஹெல்கா'. பிரிட்டிஷ் ஆட்சிக்கெதிரான 1916 ஈஸ்டர் எழுச்சியின்போது லிஃபி ஆற்றிலிருந்து டப்ளினைக் குண்டுவீசித் தாக்கிய அதே கப்பல்! தலைநகரைச் சுட்ட கப்பலைப் புதிய அரசு பெயர் மாற்றி மீன் காவலுக்கு அனுப்பிய இந்தச் செய்தியில், அன்றைய கஜானாவின் நிலை முழுதும் தெரிகிறது.

இரண்டாம் உலகப் போர் மூண்டபோது நடுநிலையை அறிவித்த நாட்டிடம் அந்த நடுநிலையைக் கடலில் காக்கப் போர்க்கப்பல் இல்லை. அவசரமாகச் சில டார்பிடோ விசைப்படகுகள் வாங்கப்பட்டன. 1946 செப்டம்பரில்தான் நிரந்தரக் கடற்படை முறைப்படி பிறந்தது. பிரிட்டனிடமிருந்து மூன்று பழைய கார்வெட் கப்பல்கள் வந்தன: மாகா, மேவ், கிளியோனா. கவிஞர் யேட்ஸின் உடலை 1948-இல் பிரான்சிலிருந்து கால்வே துறைமுகத்துக்குக் கொண்டுவந்தது மாகாதான். அதற்குப் பிறகு இருபதாண்டுகளுக்கு மேல் புதிய கப்பல் எதுவும் வரவில்லை. 1970-இல் மாகாவும் கிளியோனாவும் உடைப்புக்குப் போக, மேவ் மட்டும் மிஞ்சியது. மறு ஆண்டு பிரிட்டனிடமிருந்தே மூன்று பழைய கண்ணிவெடி அகற்றும் கப்பல்களை வாங்கிச் சமாளித்தார்கள்.

உண்மையான திருப்பம் மீனிலிருந்து வந்தது. 1972-இல் கார்க் துறைமுகப் பகுதியின் வெரோல்மே கப்பல் கட்டும் தளத்தில் கட்டப்பட்ட 'டெயர்ட்ரே', அயர்லாந்து தன் கடலுக்கென்றே தன் மண்ணில் கட்டிய முதல் ரோந்துக் கப்பல். வேகத்தையும் ஆயுதத்தையும்விட, அட்லாண்டிக்கின் குளிர்காலப் புயலில் நாட்கணக்கில் தாக்குப்பிடிக்கும் உடலே அதற்கு முக்கியமாக இருந்தது. முன்தளத்தில் ஒரே ஒரு 40 மி.மீ. போஃபர்ஸ் பீரங்கி. 1973-இல் நாடு ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தது. 1977 தொடக்கத்தில் மீன்பிடி எல்லை 200 கடல் மைலாக விரிந்தது. ஒரே நாளில் நிலப்பரப்பைப்போல் பல மடங்கு கடல் காவலுக்கு வந்து சேர்ந்தது. அதில் மீன் பிடிக்கும் உரிமை மற்ற உறுப்பு நாடுகளுக்கும் உண்டு என்பதால், காவல் செலவில் ஐரோப்பாவும் பங்கேற்றது. ஈமர், ஈஃபா, ஆஷ்லிங் என்று 1978 முதல் 1980 வரை ஆண்டுக்கு ஒன்றாக வந்த மூன்று கப்பல்களும் இந்தத் தேவையின் பிள்ளைகள்.

அந்த 1977-ஆம் ஆண்டிலேயே ஒரு மோதலும் நடந்தது. 33 மீட்டருக்கு மேற்பட்ட நீளமோ 1,100 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட எஞ்சினோ உள்ள கப்பல்கள் தன் கடலில் மீன் பிடிக்க அயர்லாந்து தடை விதித்தது. அதன் சொந்த மீனவர்களிடம் அத்தகைய கப்பல்கள் அநேகமாக இல்லை. அடிபட்டவர்கள் டச்சுக்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும். டச்சு இழுவைக் கப்பல்கள் பிடிபட்டன. 1978 பிப்ரவரியில் ஐரோப்பிய நீதிமன்றம் அந்தத் தடையைப் பாரபட்சமானது என்று தள்ளுபடி செய்தது. தன் கடலைத் தானே காக்கும் கடமை அயர்லாந்துக்கு இருந்தது. அதற்கான விதியைத் தானே எழுதும் உரிமை இல்லாமல் போயிற்று. ஐரிஷ் மீனவர்களின் நெடுநாள் மனக்குறைக்கு இதில் நியாயமான வேர் உண்டு என்றே நான் கருதுகிறேன்.

ரோந்தின் அன்றாட வேலையைக் கிட்டத்தில் பார்த்தால்தான் இந்தப் படையின் இயல்பு விளங்கும். இழுவைக் கப்பலைக் கண்டதும் வானொலியில் அழைப்பு. பிறகு அலையோடு ஏறி இறங்கும் ரப்பர் படகில் சிலர் போய், அதன் பக்கவாட்டில் தொங்கும் ஏணியைப் பற்றி ஏறுவார்கள். பதிவேட்டில் எழுதியிருக்கும் மீனும் ஐஸ் அறையில் கிடக்கும் மீனும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். ஈர வலையின் கண்ணிக்குள் அளவுக் கருவியைச் செருகி, கண்ணி சட்டம் சொல்லும் அகலம் இருக்கிறதா என்று அளப்பார்கள். குற்றம் தெரிந்தால் கப்பலைத் துறைமுகத்துக்கு ஓட்டிப்போவார்கள். கடற்படை வீரனின் திறமை இங்கே சுடுவதில் இல்லை. கொந்தளிக்கும் கடலில் அந்நியக் கப்பலில் ஏறுவதிலும், ஏறியபின் பொறுமையாகப் பேசுவதிலும் இருக்கிறது.

இந்தத் திறமையே மற்ற காரியங்களுக்கும் கைகொடுத்தது. 1973 மார்ச்சில் வாட்டர்ஃபோர்டு கரைக்கப்பால், லிபியாவிலிருந்து ஐரிஷ் ஆயுதக் குழுவான ஐ.ஆர்.ஏ.வுக்கு ஆயுதம் ஏற்றிவந்த 'கிளாடியா' பிடிபட்டது. 1984 செப்டம்பரில் கெரி கரைக்கப்பால் ஏழு டன் ஆயுதத்தோடு 'மரிட்டா ஆன்' என்ற மீன்பிடிக் கப்பலை ஈமரும் ஆஷ்லிங்கும் மடக்கின. 1985 ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் 'கனிஷ்கா' விமானம் 329 பேரோடு அயர்லாந்தின் தென்மேற்கே கடலில் விழுந்தபோது, ரோந்தில் இருந்த ஆஷ்லிங் அங்கே விரைந்தது. உயிரோடு யாரும் இல்லை. மீட்க முடிந்தவை 131 உடல்கள். மீன் காவலுக்குப் போன இளைஞர்கள் ரப்பர் படகுகளில் இறங்கி, கைகளாலேயே அந்த உடல்களில் பலவற்றைத் தூக்கி ஏற்றினார்கள். கனிஷ்கா என்றதும் வெடிகுண்டும் விசாரணையுமே நம் நினைவுக்கு வருகின்றன. அந்த மாலுமிகளுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம்.

பிற்காலக் கப்பல்கள் பெரிதாயின. 1984-இல் ஹெலிகாப்டர் தளத்தோடு வந்த 'எத்னா'வோடு வெரோல்மே தளமே மூடப்பட்டது. அதன்பின் புதுக் கப்பல்கள் இங்கிலாந்தின் ஆப்பிள்டோரில் உருவாயின. தொன்மக் கதைப் பெண்களின் பெயர்களைச் சூட்டும் மரபு 2014-இல் மாறி, சாமுவேல் பெக்கெட், ஜேம்ஸ் ஜாய்ஸ், யேட்ஸ், பெர்னார்ட் ஷா என எழுத்தாளர்கள் வந்தார்கள். 2015-இல் எத்னா, நீவ், பெக்கெட் மூன்றும் மத்தியதரைக் கடலில் முறைவைத்து நின்று 8,000-க்கும் மேற்பட்ட அகதிகளைக் காப்பாற்றின. 2023 செப்டம்பரில் யேட்ஸ் கப்பல் எச்சரிக்கைக் குண்டு சுட்டு வழிமறித்த 'மேத்யூ' சரக்குக் கப்பலில் 2.2 டன் கொக்கைன் சிக்கியது. வேறொரு தகவல் மனத்தை உறுத்துகிறது. பணி ஓய்வுக்குப் பின் 2017-இல் ஏலத்தில் விற்கப்பட்ட ஆஷ்லிங், கைமாறிக் கைமாறி லிபியாவில் போர்த்தலைவர் ஹஃப்தரின் படையிடம் போய்ச் சேர்ந்தது.

இன்றைய நெருக்கடிக்குக் காரணம் கப்பல் பஞ்சம் அல்ல, ஆள் பஞ்சம். அனுமதிக்கப்பட்ட ஆள்பலம் 1,094. 2023-இல் இருந்தவர்கள் 800-க்கும் குறைவு. பயிற்சி பெற்ற எஞ்சின் தொழில்நுட்பர்கள் கூடுதல் சம்பளத்துக்குக் கரைவேலைக்குப் போகிறார்கள். 2022-இல் எத்னா, ஓர்லா, கீரா மூன்றும் ஒருங்கே விடைபெற்றன. நியூசிலாந்திடமிருந்து இரண்டு சிறிய ரோந்துக் கப்பல்கள் வாங்கப்பட்டன. ஆனாலும் ஆளில்லாமல் நல்ல கப்பல்கள் ஹால்போலைன் கடற்படைத் தளத்தில் கட்டிக்கிடக்க, ஒன்றிரண்டு மட்டுமே கடலுக்குப் போன காலமும் வந்தது.

அதே 2022 ஜனவரியில், கார்க்கிலிருந்து சுமார் 240 கி.மீ. தொலைவில் ரஷ்யா போர்ப்பயிற்சி அறிவித்தது. அயர்லாந்தின் தெற்கு மீனவர்கள் தங்கள் படகுகளோடு அங்கேயே மீன் பிடிப்போம் என்று நின்றார்கள். பயிற்சி அயர்லாந்தின் பிரத்தியேகப் பொருளாதார மண்டலத்துக்கு வெளியே நகர்ந்தது. அட்லாண்டிக்கைக் கடக்கும் தகவல் கேபிள்களில் பெரும்பகுதி இந்தக் கடலையொட்டியே செல்கிறது. நீருக்கடியில் நடப்பதை அறியும் சோனார் கருவி இந்தப் படையிடம் இல்லை. மீன் காவலுக்கு அது தேவைப்பட்டதே இல்லை. 2025 ஜூனில்தான் இழுவைச் சோனாருக்குத் தேல்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஆனது. 2027-இல் அது வந்து சேரும்போது, அதை இயக்க ஆட்களைச் சேர்த்துப் பயிற்றுவித்திருக்க வேண்டும்.