செஞ்சிப் பக்கத்து நினைவுக் குன்று

இங்கிலாந்தில் வேலை பார்க்கும் என் பேத்தி போன மாதம் ஒரு படம் அனுப்பினாள். பக்கிங்காம்ஷயரில் உள்ள கூம்ப் குன்று. உச்சியில் உயரமாய் ஒரு நினைவுத்தூண்; கீழே கண்ணுக்கெட்டின மட்டும் வயல்வெளி. 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் உயிரிழந்த அம்மாவட்டத்து வீரர் 148 பேர் நினைவாக 1904-இல் எழுப்பியதாம். "தாத்தா, நம்ம ஊர் மலையில இதுபோல உண்டா?" என்று கேட்டாள். மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்த பிள்ளை, அவளுக்கு எப்படித் தெரியும்? உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் கேட்கக்கூடிய கேள்விதான். அதனால் பதிலை இம்மலரிலேயே எழுதுகிறேன்.

எங்கள் பூர்வீகம் செஞ்சிப் பக்கம். செஞ்சி என்றாலே கோட்டையும் தேசிங்குராஜனும்தான். தேஜ்சிங் என்னும் அந்த புந்தேல ராஜபுத்திர இளைஞன் 1714-இல் ஆற்காட்டு நவாபு சாதத்துல்லாகானின் பெரும்படையைச் சிறுபடையோடு எதிர்த்து மாண்டான். வென்ற நவாபை மறந்த சனங்கள், தோற்றவனைக் கதைப்பாட்டாக்கிப் பாடினார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர் கோட்டைகள் 12-ஐ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே உள்ளது செஞ்சி ஒன்றே. நமக்குப் பெருமைதான்.

ஆனால் கோட்டையைப் பார்த்துத் திரும்புகிறவர்கள், பக்கத்திலுள்ள திருநாதர்குன்றை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. அங்கே ஒரு பெரும் பாறையில் தீர்த்தங்கரர் 24 பேரும் இரண்டு வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். பக்கத்தில் கல்வெட்டு. சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த இடம் இது என்கிறது. தமிழ் பிராமி வட்டெழுத்தாக மாறிவந்த காலத்து எழுத்து, ஏறக்குறைய கி.பி. 6-ஆம் நூற்றாண்டு என்பர். பிற்காலக் கல்வெட்டொன்று 30 நாள் நோன்பிருந்த இளைய பட்டாரரைச் சொல்கிறது. இவ்வித நினைவிடத்துக்கு நிசீதிகை என்று பெயர்.

போரில் விழுந்தவனுக்கு நடுகல் நட்டது தமிழ்நாடு. யாரையும் வெல்லாமல் தன்னையே வென்றவருக்கும் பெயரும் நாள்கணக்கும் கல்லில் பொறித்தது. வடக்கிருந்த கோப்பெருஞ்சோழனை அறிந்தவர்களுக்கு இது அந்நியமாய்ப் படாது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் தகப்பனார் என்னைக் கைப்பிடித்து அக்குன்றுக்குக் கூட்டிப் போனார். நானோ கடை, சரக்கு, வசூல் என்று ஓடி, என் பிள்ளைகளை ஒருநாளும் கூட்டிப் போகவில்லை. பேத்தியின் கேள்வி அதைத்தான் சுட்டிக் காட்டியது. அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது, கோட்டை பார்த்த கையோடு அந்தக் குன்றுக்கும் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். அங்கே தூண் கிடையாது; இரண்டு பேருடைய பெயர்தான் இருக்கு. வாசித்துக் காட்டுங்கள்.