சுண்டெலியின் வேதனையும் சட்டத்தின் தராசும்

1988ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற்கு ஒரு காப்புரிமை வழங்கிற்று. உரிமை பெற்ற பொருள் ஓர் உயிர். ஃபிலிப் லெடர், திமத்தி ஸ்டூவர்ட் எனும் ஆய்வாளர்கள் புற்றுநோயைத் தூண்டும் மரபணுவைச் சுண்டெலியின் கருவில் புகுத்தி, நோயுறும் இயல்பு அதன் சந்ததிக்கும் செல்லுமாறு செய்திருந்தனர். நோக்கம் இழிவானதன்று. மார்பகப் புற்றால் மடிந்தோரை அடக்கம் செய்துள்ள ஆயர் எவரும் அதனை எளிதில் பழிக்கமாட்டார். எனினும், வேதனைப்படுவதற்கென்றே ஓர் உயிரை வடிவமைத்தல், நோயுற்ற விலங்கை ஆராய்வதினின்று வேறானது.

ஐரோப்பாவில் இவ்வேறுபாடு வழக்கினுள்ளேயே நுழைந்தது. ஒழுக்கத்திற்கு முரணானவற்றிற்குக் காப்புரிமையில்லை என்பது ஐரோப்பியக் காப்புரிமை உடன்படிக்கையின் விதி. 1989இல் மறுக்கப்பட்ட விண்ணப்பம் மேல்முறையீட்டிற்குச் சென்றபோது, விலங்குகளின் துன்பத்தையும் சுற்றுச்சூழலுக்கு நேரக்கூடிய தீங்கையும் ஒரு தட்டிலும், மனிதருக்கு விளையும் பயனை மறுதட்டிலும் வைத்து நிறுக்குமாறு 1990இல் மேல்முறையீட்டுக் குழு பணித்தது. 1992இல் பயனே கனத்தது. பல்லாண்டு எதிர்ப்பிற்குப்பின், 2004இல் அவ்வுரிமை சுண்டெலிகளுக்கு மட்டுமெனச் சுருக்கப்பட்டது. பிற கொறிவிலங்குகளின் துன்பத்திற்கு ஈடான மருத்துவப்பயன் காட்டப்படவில்லை. தராசு குறையுடையதே. தன் துன்பம் நிறுக்கப்படுகையில் எலிக்கு அங்கே குரலில்லை. ஆயினும் துன்பம் எடையுள்ளது என்றாவது ஒப்புக்கொள்ளப்பட்டது.

திருச்சபை இவ்வழக்கில் நேரடியாகப் பங்கேற்றது கனடாவில். கனடா திருச்சபைகளின் மன்றமும் கனடா நற்செய்தி ஐக்கியமும் உச்சநீதிமன்றத்தில் இடையீட்டாளராய் நின்று, உயிரினம் மனிதன் புனைந்த பொருளாகாது என வாதிட்டன. இரு பெரும் கிறிஸ்தவ அமைப்புகள் ஒருங்கே நின்றது ஈண்டு நோக்கற்பாலது. 2002 டிசம்பர் 5ஆம் நாள், ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில், எலிக்குக் காப்புரிமை மறுக்கப்பட்டது.

வெற்றிதான், ஆனால் எதில் வெற்றி? உயர்நிலை உயிர் ஒன்று சட்டத்தின் சொற்பொருளில் ‘கண்டுபிடிப்பு’ ஆகுமா என்பதே அங்கு எழுந்த வினா. மற்றைய நெறிமுறை வினாக்கள் நாடாளுமன்றத்திற்குரியவை என்றனர் பெரும்பான்மை நீதிபதிகள். எலி யாருடையது என்று கேட்கப்பட்டது. எலிக்கு என்ன நேர்கிறது என்று கேட்கப்படவில்லை. ஆங்கிலிக்கன் குருவானவர் ஆண்ட்ரூ லின்சி 1994இலேயே, விலங்குகளின் மரபணுவை மாற்றியமைப்பதை அடிமைமுறையோடு ஒப்பிட்டு எழுதியிருந்தார். ஆதியாகமம் முதல் அதிகாரத்தின் ‘ஆண்டுகொள்ளுதல்’ உடைமையுரிமையன்று என்பதைத் திருச்சபை அந்நீதிமன்றத்தில் நிலைநாட்ட முயன்றது. நீதிமொழிகள் 12:10 கேட்கும் கேள்வியோ வேறு. கனடாவின் காப்புரிமை அலுவலகம் எலிக்கு உரிமை மறுத்த அன்றே, அதனை உருவாக்கும் முறைக்கு உரிமையளிக்க இசைந்திருந்தது.