போர்பன் விஸ்கியின் சுவை மதிப்பீடு

போர்பன் விஸ்கியின் சுவை மதிப்பீடு என்பது, ஐக்கிய அமெரிக்காவில் மக்காச்சோளத்தை முதன்மையாகக் கொண்டு வடிக்கப்படும் போர்பன் விஸ்கியின் நிறம், மணம், சுவை, பின்சுவை ஆகியவற்றை முறைப்படி ஆராய்ந்து, அதன் தரத்தையும் விலைக்கேற்ற மதிப்பையும் முடிவு செய்வதாகும். வடிசாலைகளில் பீப்பாய்களைத் தெரிவு செய்வோர், போட்டி நடுவர்கள், பொருளறிந்து வாங்க விரும்புவோர் ஆகியோர் இம்முறையைப் பயன்படுத்துகின்றனர். அமெரிக்கச் சந்தையில் 750 மி.லி. புட்டி ஏறத்தாழ 25 முதல் 50 டாலர் வரை விற்கும் வகைகள் இடைப்பட்ட விலையின எனலாம். பெரிய வடிசாலைகளின் பெயர்பெற்ற புட்டிகள் பல இவ்விலையில் கிடைப்பதால், கூடுதல் விலை கூடுதல் தரத்தைக் குறிக்கிறதா என்ற கேள்வி இவ்வகையிலேயே முதன்மையாக எழுகிறது.

சட்ட வரையறை

அமெரிக்க நடுவண் அரசின் விதிகளின்படி போர்பன் எனப் பெயரிடப்படும் விஸ்கி பின்வரும் தன்மைகளைக் கொண்டிருத்தல் வேண்டும்.

- ஐக்கிய அமெரிக்காவில் தயாரிக்கப்பட வேண்டும். கென்டக்கி மாநிலத்தில்தான் தயாரிக்கப்பட வேண்டும் என்பதில்லை.
- தானியக் கலவையில் குறைந்தது 51% மக்காச்சோளம் இருத்தல் வேண்டும்.
- வடிக்கும்போது மதுசாரத்தின் அளவு கனவளவில் 80%-ஐ மீறக்கூடாது.
- உட்புறம் கரியாக்கப்பட்ட புதிய ஓக் மரக் கொள்கலனில், 62.5%-க்கு மேற்படாத மதுசார அளவில் இடப்பட வேண்டும்.
- புட்டியில் அடைக்கும்போது குறைந்தது 40% மதுசாரம் இருத்தல் வேண்டும்.

செயற்கை நிறமோ சுவையூட்டியோ சேர்த்தல் கூடாது. குறைந்தது இரண்டு ஆண்டுகள் பீப்பாயில் முதிர்ந்தது "ஸ்ட்ரெயிட் போர்பன்" எனப்படும். அமெரிக்க வழக்கில் "புரூஃப்" என்பது மதுசார விழுக்காட்டின் இரு மடங்காகும். எடுத்துக்காட்டாக, 100 புரூஃப் என்பது 50% ஆகும்.

வரலாற்றுப் பின்னணி

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வணிகர்கள் சிலர், முதிராத மதுசாரத்தில் நிறமும் சுவைப்பொருளும் கலந்து பழைய விஸ்கி என விற்றனர். வாங்குவோர் தம் நாவை மட்டுமே நம்ப வேண்டியிருந்தது. இதற்குத் தீர்வாக 1897இல் "பாட்டில்டு இன் பாண்ட்" சட்டம் இயற்றப்பட்டது. இச்சட்டத்தின்படி இப்பெயரைத் தாங்கும் விஸ்கி, ஒரே வடிசாலையில் ஒரே வடிப்புப் பருவத்தில் உருவாகி, அரசுக் கண்காணிப்பிலுள்ள கிடங்கில் குறைந்தது நான்கு ஆண்டுகள் முதிர்ந்து, 50% மதுசாரத்துடன் அடைக்கப்பட வேண்டும். 1964இல் அமெரிக்கக் காங்கிரசு, போர்பனை அந்நாட்டின் தனித்துவமான பொருள் எனத் தீர்மானம் நிறைவேற்றியது.

சுவை உருவாகும் விதம்

மக்காச்சோளம் இனிப்புத் தன்மையையும், ரை தானியம் மிளகு போன்ற காரத்தையும், ரைக்கு மாற்றாகச் சேர்க்கப்படும் கோதுமை மென்மையையும் தருகின்றன. முளைகட்டிய வாற்கோதுமை, மாவுப்பொருளைச் சர்க்கரையாக மாற்றும் நொதிகளை அளிக்கிறது. நொதித்தலின்போது ஈஸ்ட் உருவாக்கும் எசுத்தர்கள் பழ மணங்களுக்குக் காரணமாகின்றன. வாழைப்பழ மணம் தரும் ஐசோஅமைல் அசிட்டேட்டு இதற்கு எடுத்துக்காட்டாகும்.

நிறம் முழுவதும், சுவையின் பெரும்பகுதியும் பீப்பாயிலிருந்து கிடைக்கின்றன. மரத்திலுள்ள லிக்னின் சூட்டினால் சிதைந்து வனிலா மணமுடைய வனிலினைத் தருகிறது. மரச் சர்க்கரைகள் கருகிய வெல்லப்பாகு போன்ற சுவையையும், ஓக் லாக்டோன்கள் தேங்காய் மணத்தையும், யூஜெனால் கிராம்பு மணத்தையும் அளிக்கின்றன. மரத்தின் டானின்கள் துவர்ப்பைத் தருகின்றன.

கோடையில் விஸ்கி விரிந்து மரத்தினுள் புகுகிறது. குளிர்காலத்தில் சுருங்கி வெளியேறுகிறது. பீப்பாய் புதியது என்பதாலும், கென்டக்கியின் கோடை வெப்பம் மிகுந்தது என்பதாலும் மரச்சாறு விரைவாக இறங்குகிறது. பெரும்பாலும் பயன்படுத்திய பீப்பாய்களில், குளிர்ந்த தட்பவெப்பத்தில் முதிரும் ஸ்காட்ச் விஸ்கிக்குப் பொருந்தும் வயதுக் கணக்கு போர்பனுக்குப் பொருந்தாது. அளவுக்கு மீறி முதிர்ந்த போர்பனில் துவர்ப்பும் கசப்பும் மேலோங்கக்கூடும்.

சுவைக்கும் முறை

அடி அகன்று வாய் குறுகிய கண்ணாடிக் குவளை ஏற்றது. ஸ்காட்லாந்தில் வடிவமைக்கப்பட்டு 2001இல் வெளிவந்த கிளென்கேர்ன் குவளை பரவலாகப் பயன்படுகிறது. ஒரு முறைக்கு 15 முதல் 20 மி.லி. போதுமானது.

1. நிறம்: ஆழ்ந்த நிறம் பீப்பாயின் தாக்கத்தைக் காட்டும், தரத்தைக் காட்டாது. குவளைச் சுவரில் வழியும் கோடுகள் மதுசாரமும் நீரும் கொண்ட மேற்பரப்பு இழுவிசை வேறுபாட்டால் தோன்றுபவை. அவையும் தரத்தின் அடையாளம் அல்ல.
2. மணம்: குவளையை மூக்கிற்குச் சற்றுத் தொலைவில் வைத்து, வாயைச் சிறிது திறந்தபடி முகர வேண்டும். ஆழமாக இழுத்தால் மதுசாரம் மூக்கை எரித்து, ஏனைய மணங்களை மறைத்துவிடும்.
3. சுவை: முதல் மிடறு வாயைப் பழக்குவதற்கு மட்டுமே. இரண்டாம் மிடறை நாவெங்கும் பரப்பி இனிப்பு, காரம், துவர்ப்பு ஆகியவை எந்த வரிசையில் தோன்றுகின்றன என்று கவனிக்க வேண்டும்.
4. பின்சுவை: விழுங்கிய பின்னோ உமிழ்ந்த பின்னோ சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது, இனிமையாக மறைகிறதா, கசந்து முடிகிறதா என்பது இங்கு ஆராயப்படுகிறது.
5. நீர்: சில துளி நீர் சேர்த்து மீண்டும் முகர வேண்டும். சுவீடன் ஆய்வாளர்கள் கார்ல்சன், பிரீட்மன் ஆகியோர் 2017இல் வெளியிட்ட கணினிப் பாவனை ஆய்வின்படி, மதுசார அளவு குறையும்போது குவாயக்கால் என்னும் மணப்பொருள் திரவத்தின் மேற்பரப்பை நாடுகிறது.

வெவ்வேறு வலிமையுள்ள இரு விஸ்கிகளை ஒப்பிடும்போது வலிமையைச் சமன் செய்வது நல்லது. 50% வலிமையுள்ள 20 மி.லி. விஸ்கியுடன் 5 மி.லி. நீர் சேர்த்தால் ஏறத்தாழ 40% கிடைக்கும்.

பெயர் மறைத்துச் சுவைத்தல்

விலையும் பெயரும் முன்கூட்டியே தெரிந்தால் தீர்ப்பு பிறழ்கிறது. கலிபோர்னியாவில் நிகழ்த்தப்பட்டு 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரே திராட்சை மதுவை வெவ்வேறு விலை கூறிக் கொடுத்தபோது, உயர்ந்த விலை கூறப்பட்டதையே பங்கேற்றோர் மிகுதியாக விரும்பினர். இன்பத்தை உணரும் மூளைப் பகுதியின் செயற்பாடும் அப்போது கூடுதலாகப் பதிவாயிற்று. ஆகவே மற்றொருவரைக் கொண்டு எண்ணிட்ட குவளைகளில் ஊற்றச் செய்து, குறிப்புகளை எழுதி முடித்த பின்னரே பெயரை அறிவது முறையாகும்.

இரு விஸ்கிகளிடையே உண்மையில் வேறுபாடு உணரப்படுகிறதா என்பதை அறிய முக்கோணச் சோதனை பயன்படுகிறது. மூன்று குவளைகளில் இரண்டில் ஒரே விஸ்கியும் ஒன்றில் வேறு விஸ்கியும் இருக்கும். வேறானதைக் கண்டறிய வேண்டும். வெறும் ஊகத்தால் சரியாகச் சொல்லும் வாய்ப்பு மூன்றில் ஒன்று. பன்னிருவர் தனித்தனியே சுவைத்து அவர்களில் எண்மரோ அதற்கு மேற்பட்டோரோ சரியாகக் கூறினால், அது ஊகத்தால் நிகழும் வாய்ப்பு ஏறத்தாழ 2% மட்டுமே.

லேபிளைப் படித்தல்

- வயது குறிக்கப்பட்டிருந்தால் அது கலவையிலுள்ள மிக இளைய விஸ்கியின் வயதாகும். நான்கு ஆண்டுகளுக்குக் குறைந்த ஸ்ட்ரெயிட் போர்பனில் வயதைக் குறிப்பிடுவது கட்டாயமாகும்.
- "சிங்கிள் பேரல்" என்பது ஒரே பீப்பாயிலிருந்து அடைக்கப்பட்டது எனப் பொருள்படும். எனவே புட்டிக்குப் புட்டி சுவை மாறுபடலாம்.
- "ஸ்மால் பாட்ச்" என்பதற்குச் சட்ட வரையறை இல்லை.
- விற்கும் நிறுவனமே வடித்ததாக இருக்க வேண்டியதில்லை. பிற வடிசாலைகளிடம் வாங்கி அடைக்கும் நிறுவனங்கள் பல உண்டு. வடித்த மாநிலத்தின் பெயர் இதை வெளிப்படுத்தும்.

ஒப்பீட்டு எடுத்துக்காட்டு

தானியக் கலவையின் பங்கை உணரக் கீழ்க்காணும் மூன்று இடைவிலைப் போர்பன்களை அருகருகே வைத்துச் சுவைக்கலாம்.

- மேக்கர்ஸ் மார்க்: ரைக்கு மாற்றாகக் கோதுமை சேர்ந்தது; 45%. இனிப்பும் மென்மையும் முன்னிற்கும்.
- வைல்ட் டர்க்கி 101: ரை சேர்ந்தது; 50.5%. காரமும் கரிந்த ஓக் சுவையும் புலப்படும்.
- ஃபோர் ரோசஸ் சிங்கிள் பேரல்: ரையின் பங்கு 35%, 50%. பழ மணமும் மசாலா மணமும் தோன்றும்.

மூன்றும் சட்டப்படி போர்பனே எனினும், ஒன்றை விரும்புவோர் மற்றொன்றை விரும்பாமல் போகலாம். வகைக்குரிய பண்புகள் தெளிவாகவும் சமநிலையுடனும் உள்ளனவா என்பதைத் தரம் பற்றிய தீர்ப்பாகவும், தனக்குப் பிடிக்கிறதா என்பதைத் தனி விருப்பமாகவும் பிரித்துக் குறிப்பது நடுநிலைக்கு உதவும்.

2013ஆம் ஆண்டு மேக்கர்ஸ் மார்க் நிகழ்வு

2013 பெப்ரவரியில் மேக்கர்ஸ் மார்க் நிறுவனம், தேவைக்கேற்ற இருப்பு இல்லாமையால் மதுசார அளவை 45%-இலிருந்து 42%-ஆகக் குறைப்பதாகவும், சுவை மாறவில்லை என்றும் அறிவித்தது. வாடிக்கையாளர்களின் கடும் எதிர்ப்பால் ஏறத்தாழ ஒரு வாரத்திலேயே அம்முடிவு கைவிடப்பட்டது. எதிர்த்தவர்களுள் பலர் புதிய கலவையைச் சுவைத்துப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. சுவையை மட்டுமன்றி, லேபிளில் கூறப்படும் உறுதிமொழியையும் வாங்குவோர் மதிப்பிடுகின்றனர் என்பதற்கு இந்நிகழ்வு சான்றாகும்.

உடல்நலம்

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, மதுபானங்களை 1988இல் புற்றுநோய்க் காரணிகளின் முதற் பிரிவில் சேர்த்தது. அமெரிக்க அளவீட்டில் 40% வலிமையுள்ள 44 மி.லி. விஸ்கி, ஏறத்தாழ 14 கிராம் தூய மதுசாரம் அடங்கிய ஒரு நிலையான அளவாகும். பல மாதிரிகளை ஆராயும் நடுவர்கள் விழுங்காமல் உமிழ்கின்றனர். மதுசாரம் ஏற ஏற மணத்தையும் சுவையையும் பகுத்தறியும் திறன் மங்குவதால், தீர்ப்பின் நம்பகத்தன்மைக்கும் இது இன்றியமையாததாகும்.

இவற்றையும் பார்க்க

- ஸ்காட்ச் விஸ்கி
- வடித்தல்
- நொதித்தல்
- வனிலின்