மவுண்டன் பைக்கின் பின்பக்க ஷாக் லீக் ஆகிறதா? புதிது வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

தீபாவளி லீவு முடிந்து பெங்களூரு திரும்பியபோது, பால்கனியில் நிறுத்திவைத்திருந்த என் மவுண்டன் பைக்கின் பின்பக்கம் தொய்ந்து கிடந்தது. ஏறி உட்கார்ந்தால் ஷாக் அடிவரை இறங்கிவிட்டது. கடைக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் கையால் ஒரு முறை அழுத்திப் பார்த்தார். "ஷாக் போச்சுங்க, புதுசு மாத்திடுங்க" என்றார். அவர் சொன்ன விலை என் ஒரு மாத வாடகையைத் தாண்டியது.

மாற்றவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு வாளித் தண்ணீரில் ஷாக்கை முக்கிப் பார்த்தேன். வால்வு வாயிலிருந்து வரிசையாகக் குமிழ்கள் வந்தன. உள்ளே இருக்கும் வால்வு கோர் லூசாகியிருந்தது. சின்னக் கருவியால் கால் சுற்று முறுக்கியதும் பிரச்னை முடிந்தது.

எல்லோருக்கும் இவ்வளவு சுலபமாக முடியாது. ஆனால் "லீக்" என்ற ஒரே வார்த்தைக்குள் நாலைந்து வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்றுக்கு ஒரு ரப்பர் வளையம் போதும். இன்னொன்றை வீட்டில் தொடவே கூடாது. எது என்று தெரியாமல் செலவு செய்யும்போதுதான் பணம் வீணாகிறது.

ஷாக்குக்குள் என்ன இருக்கிறது?

ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிளில் பின்பக்க ஷாக்குக்கு இரண்டு வேலை. உங்கள் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அது அமுங்கி எழும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது டேம்பர். இன்று விற்கும் நல்ல மாடல்கள் பலவற்றில் இரும்பு ஸ்பிரிங் கிடையாது. அடைத்து வைத்த காற்றுதான் ஸ்பிரிங். டேம்பரில் எண்ணெய் இருக்கும். சிறு துளைகள் வழியே அந்த எண்ணெய் தள்ளப்படும்போது ஏற்படும் தடையால்தான் சைக்கிள் பந்து மாதிரி குதிக்காமல் இருக்கிறது.

இந்தச் சின்ன உருளைக்கு விழும் சுமை நாம் நினைப்பதைவிட அதிகம். பின்சக்கரம் 145 மி.மீ. மேலே போக, ஷாக் 55 மி.மீ. மட்டுமே அமுங்கும் சைக்கிளை எடுத்துக்கொள்வோம். விகிதம் சுமார் 2.6. அதாவது சக்கரத்தில் விழும் விசையைப்போல ஏறக்குறைய 2.6 மடங்கு ஷாக்கில் விழுகிறது. கார் டயரில் 30 முதல் 35 பிஎஸ்ஐ காற்று போதும் என்றால், இங்கே 150, 200 என்று போவது அதனால்தான். பெட்ரோல் பங்க் காற்றெல்லாம் இதற்கு ஆகாது. தனியாக ஷாக் பம்ப் வேண்டும்.

முதலில், இது உண்மையிலேயே லீக்தானா?

என் அனுபவத்தில், "லீக் ஆகுது" என்று சொல்பவர்களில் சிலருக்கு லீக்கே இருக்காது. ஏமாற்றுவது பம்ப்.

நேற்று 180 பிஎஸ்ஐ அடித்தீர்கள். இன்று பம்பை மாட்டினால் 170 காட்டுகிறது. ராத்திரியில் 10 போய்விட்டதா? இல்லை. பம்பை மாட்டிய நொடியில், ஷாக்கிலிருந்த காற்று காலியாக இருந்த பம்ப் குழாயையும் சேர்த்து நிரப்புகிறது. உதாரணத்துக்கு, ஷாக்கின் காற்றறை 100 மில்லி, பம்ப் குழாய் 6 மில்லி என்று வைத்துக் கணக்குப் போட்டால், 180 என்பது 170 ஆகத்தான் தெரியும். கழற்றும்போது வரும் "புஸ்" சத்தமும் குழாயில் இருந்த காற்றுதான்.

இன்னொரு குழப்பம் வெயிலும் குளிரும். பெங்களூருவில் 30 டிகிரியில் 180 பிஎஸ்ஐ அடித்துவிட்டு, சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் லே போய், காலை 5 டிகிரி குளிரில் பார்க்கிறீர்கள். ஒரு துளி காற்றும் வெளியேறாமலேயே அது சுமார் 168 ஆகியிருக்கும். குளிர் இழுப்பது அதிகம். உயரத்தில் வளிமண்டல அழுத்தம் குறைவதால் கொஞ்சம் திரும்பி ஏறுகிறது. இரண்டையும் கழித்துக் கூட்டினால் அந்த எண்.

ஆகவே பம்ப் மீட்டரை நம்பாதீர்கள். ஷாக்கின் தண்டில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். ரைடு போகும் உடை, பையோடு மெதுவாக ஏறி உட்கார்ந்து இறங்கி, வளையம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று ஸ்கேலால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 55 மி.மீ. ஷாக்கில் 30 சதவீதம் என்றால் 16.5 மி.மீ. அடுத்த நாளும் பம்பைத் தொடாமல் அதே மாதிரி அளந்து பாருங்கள். அதே அளவு வந்தால் லீக் இல்லை. இருபதைத் தாண்டினால் மேற்கொண்டு படியுங்கள்.

காற்றா, எண்ணெயா?

எல்லாமே இந்தக் கேள்வியில்தான் பிரிகிறது.

காற்று லீக்கைக் கண்டுபிடிக்கச் சோப்புத் தண்ணீர் போதும். வால்வு மூடியைக் கழற்றி, வால்வு வாய், காற்றறை முடியும் விளிம்பு, தண்டு உள்ளே போகும் இடம் ஆகிய மூன்றிலும் தடவுங்கள். பிடிபடவில்லை என்றால் ஷாக்கைக் கழற்றி வாளியில் முக்குங்கள். முக்கியதும் வரும் நாலைந்து குமிழ்கள் இடுக்கில் சிக்கிய காற்று. நிற்காமல் ஒரே இடத்திலிருந்து வந்தால் அதுதான் ஓட்டை. கழற்றும் முன் போல்ட், வாஷர் வரிசையை மொபைலில் போட்டோ எடுத்துவிடுங்கள். ஷாக் இல்லாவிட்டால் பின்பக்க ஃபிரேம் சட்டென்று மடங்கும், கை பத்திரம்.

குமிழ் வால்விலிருந்து வந்தால் அதிர்ஷ்டம். வால்வு கோரை முறுக்கலாம், சரியாகாவிட்டால் மாற்றலாம். கார், பைக் டியூபில் இருக்கும் அதே வகை வால்வுதான். ஆனால் ஷாக்கின் உயர் அழுத்தத்தைத் தாங்கும் கோராகக் கேட்டு வாங்குவது நல்லது.

விளிம்பிலிருந்து வந்தால் காற்றறையின் சீல்கள் தேய்ந்திருக்கின்றன. இதுதான் அதிகம் நடப்பது. மழைக்காலச் சேற்றில் மேற்குத் தொடர்ச்சி மலைப் பாதைகளில் ஓட்டுபவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஆனால் சேற்றைவிட மோசமான எதிரி ஒன்று நம் ஊர்களில் உண்டு: மோட்டார் பைக் வாட்டர் வாஷ். ரைடு முடிந்து வரும் வழியில் அங்கே நிறுத்தி, பிரஷர் பம்பை நேராக ஷாக்கின் மேல் காட்டச் சொல்வது, மண்ணையும் தண்ணீரையும் சீலுக்குள் நாமே திணிப்பதற்குச் சமம். குழாயில் மெதுவாக விட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்தால் போதும்.

எண்ணெய் லீக்கின் அறிகுறிகள் வேறு. தண்டில் மெல்லிய பளபளப்பு இருப்பது சகஜம். அது சீலுக்கான மசகு. சொட்டுவது, ஓட்டிய பிறகு தண்டைச் சுற்றி ஈரச் சேறு வளையமாக ஒட்டுவது, அமுக்கும்போது "சளக் சளக்" என்று உறிஞ்சும் சத்தம் வருவது, இவை சகஜம் இல்லை. ரீபவுண்ட் திருகை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை திருப்பியும் எழும் வேகத்தில் வித்தியாசமே தெரியவில்லையா? டேம்பர் செத்துவிட்டது. காற்றை இறக்கும்போது ஒன்றிரண்டு துளி எண்ணெய் தெறிக்கலாம். நுரை நுரையாக நிறைய வந்தால் டேம்பர் எண்ணெய் காற்றறைக்குள் கசிகிறது என்று பொருள்.

இந்த நிலையில் "இன்னும் ரெண்டு ரைடு பார்ப்போம்" என்று தள்ளிப்போடாதீர்கள். டேம்பர் இல்லாத ஷாக், இறக்கத்தில் ஒரு கல்லில் ஏறினால் பின்பக்கத்தைத் தூக்கி எறியும். ஹேண்டில்பாருக்கு மேலே நீங்கள் பறப்பீர்கள்.

வீட்டில் எதைச் செய்யலாம்?

காற்றறை சீல் மாற்றும் வேலை, பொறுமை இருந்தால் வீட்டிலேயே முடியும். உங்கள் மாடலுக்கான சீல் கிட், ஷாக் கிரீஸ், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பஞ்சு உதிராத துணி வேண்டும். காற்றை முழுக்க இறக்குங்கள். பிறகு ஷாக்கை அமுக்கிவிட்டு இன்னொரு முறை வால்வை அழுத்துங்கள், மிச்சம் இருக்கும். அதன் பிறகே காற்றறையைத் திருகிக் கழற்ற வேண்டும். பழைய வளையங்களைப் பிளாஸ்டிக் குச்சியால் எடுங்கள். ஸ்குரூடிரைவர் போட்டால் உலோகத்தில் கீறல் விழும், அப்புறம் எந்தச் சீலும் நிற்காது. துடைத்து, புதியதைப் போட்டு, கிரீஸ் தடவி மூட வேண்டியதுதான். நிறுவனத்தின் சர்வீஸ் வழிகாட்டியைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்; மாடலுக்கு மாடல் வளையங்களின் வரிசை மாறும். வாரன்டி காலத்தில் இருக்கிறதா என்பதையும் திறக்கும் முன் பார்த்துவிடுங்கள்.

ஒரே ஒரு இடத்தில் கண்டிப்பாக நிறுத்த வேண்டும். காற்று அடித்தும் ஷாக் நீளாமல், அமுங்கிய நிலையிலேயே சிக்கிக்கொண்டால் அதைத் திறக்காதீர்கள். காற்றறைக்குள் மெயின் அறை, அதற்கு எதிராக வேலை செய்யும் நெகட்டிவ் அறை என இரண்டு உண்டு. நடுவில் உள்ள சீல் கிழிந்தால் காற்று நெகட்டிவ் பக்கம் போய் மாட்டிக்கொள்ளும். வால்வு வழியாக அது வெளியே வராது. மீட்டர் பூஜ்யம் காட்டும்போதும் உள்ளே உயர் அழுத்தம் இருக்கும். கழற்றினால் மூடி குண்டு மாதிரி பறக்கும். நிறுவனங்களே இதைப் பற்றி எச்சரிக்கின்றன.

டேம்பரும் வீட்டு வேலை இல்லை. பல ஷாக்குகளில் எண்ணெய்க்குப் பின்னால், ஒரு மிதக்கும் பிஸ்டனுக்கு அப்பால் நைட்ரஜன் வாயு பல நூறு பிஎஸ்ஐ அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருக்கும். எண்ணெய் நிரப்பும்போது ஒரு காற்றுக் குமிழ்கூட இருக்கக் கூடாது. அதற்கான கருவி வைத்திருக்கும் சஸ்பென்ஷன் சர்வீஸ் இடத்துக்கு அனுப்புங்கள். உங்கள் ஊரில் இல்லை என்றாலும் கூரியரில் அனுப்பலாம். சைக்கிளை அனுப்பத் தேவையில்லை. காற்றை இறக்கிவிட்டு ஷாக்கை மட்டும் அனுப்பினால் போதும்.

எப்போது மாற்றியே ஆக வேண்டும்?

தண்டில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டும் அளவுக்குக் கீறல் இருந்தால், போடும் ஒவ்வொரு புதிய சீலையும் அது அறுத்துக்கொண்டே இருக்கும். அந்த உதிரிபாகம் தனியாகக் கிடைத்தால் பிழைத்தீர்கள். கிடைக்கவில்லை என்றாலோ, சீல் கிட் வருவதே நின்றுபோன பழைய மாடல் என்றாலோ, புதிது வாங்குவதுதான் வழி.

உதிரிபாகம் கிடைக்காதது தனிக் கதை. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், மொபைல் மற்றும் டேப்லெட், வீட்டு உபயோகப் பொருட்கள், ஆட்டோமொபைல் என்று நான்கு துறைகளை முதலில் எடுத்துக்கொண்டார்கள். சைக்கிள் அந்தப் பட்டியலில் தனியாக இல்லை. லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய சைக்கிளுக்கு முப்பது கிராம் ரப்பரைத் தேடி அலைபவர்களுக்கு இது எரிச்சலாகத்தான் இருக்கும். வாரன்டி இருந்தும் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

வாங்கும்போது அளவுதான் பெரிய பொறி. ஷாக்கில் 210×55 என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது, இரு முனை போல்ட் மையங்களுக்கு இடையிலான நீளம். இரண்டாவது, அமுங்கும் தூரம். இரண்டும் மில்லிமீட்டரில். இந்த மெட்ரிக் அளவுகள் 2016-ல் வந்தவை. அதற்கு முந்தைய சைக்கிள்களில் 7.875×2.0 போல அங்குலத்தில் இருக்கும். சில ஃபிரேம்களில் மேல்முனையில் வளையம் இல்லாமல், இரு பக்கமும் போல்ட் நேரடியாக ஏறும் ட்ரனியன் வகை உண்டு. அதில் நீளம் 25 மி.மீ. குறைவாகக் குறிக்கப்படும்: 210-க்கு இணையானது 185. பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராது. செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டிரெக்கின் த்ரூ ஷாஃப்ட், ஸ்பெஷலைஸ்டின் பிரெய்ன் போல, ஒரு நிறுவனத்தின் ஃபிரேமுக்கென்றே செய்த ஷாக்குகள் உண்டு. அவற்றுக்கு மாற்று தேடுவது சிரமம்.

2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் உதிரிபாகங்களுக்கும் ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைத்தால் சுங்க வரி தனி. அதையும் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

கடைகளில் "டபுள் ஷாக்" என்று விற்கும் விலை குறைந்த சைக்கிள்களுக்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம். அவற்றில் பெரும்பாலும் வெறும் ஸ்பிரிங்தான். ஸ்பிரிங்கின் மேல் எழுதியிருக்கும் எண், நீளம், போல்ட் அளவு மூன்றையும் பார்த்து அதே மாதிரி வாங்கி மாட்டிவிடலாம்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை சர்வீஸ்?

ராக்ஷாக்ஸ் பெரும்பாலான ஷாக்குகளுக்கு 50 மணி நேரத்துக்கு ஒரு முறை காற்றறையையும், 200 மணி நேரத்துக்கு ஒரு முறை டேம்பரையும் சர்வீஸ் செய்யச் சொல்கிறது. ஃபாக்ஸ் சொல்வது 125 மணி நேரம் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் ஓட்டுபவருக்கு 50 மணி நேரம் பதினேழு வாரத்தில் வந்துவிடும். 125 வர ஏறக்குறைய பத்து மாதம். ஸ்ட்ராவாவில் உங்கள் ரைடு நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். நான் கூட்டியபோது 140-ஐத் தாண்டியிருந்தது. வால்வு கோரை முறுக்கியதோடு விடாமல், அந்த வாரமே ஷாக்கைச் சர்வீஸுக்கு அனுப்பிவிட்டேன்.

சர்வீஸ் முடிந்து வந்தாலும், புதிது வாங்கினாலும், மாட்டியதும் காற்றை அடித்துவிடாதீர்கள். காற்று இல்லாமலேயே பின்சக்கரத்தைக் கையால் முழுத் தூரமும் தூக்கிப் பாருங்கள். டயர் சீட் டியூபில் உரசினால் அளவு தப்பு. உரசவில்லை என்றால் காற்று அடித்து, பத்து தடவை அமுக்கி, அழுத்தத்தை மறுபடி சரிசெய்யுங்கள். காற்று நெகட்டிவ் அறைக்கும் பரவுவதால் முதலில் கொஞ்சம் குறையும், அது லீக் இல்லை.